கல்கத்தா, பாடி, ஒரகடம்: தர மேலாண்மை வந்த வழி

காலை ஷிப்டுக்கு விரையும் கம்பெனி பஸ்களை ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் சாலையில் பார்ப்பவர்களுக்கு, தர மேலாண்மை என்பது வெளிநாட்டுக் கார் நிறுவனங்கள் கையோடு கொண்டுவந்த ஒன்றாகவே தோன்றும். ஹூண்டாயின் இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்து முதல் சான்ட்ரோ 1998இல் வெளிவந்தது. ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை 2010இலும் டெய்ம்லர் ஆலை 2012இலும் திறக்கப்பட்டன. ஆனால் உதிரிபாக நிறுவனங்களின் வரலாற்றைப் பின்தொடர்ந்தால், கல்கத்தாவில் தொடங்கிச் சென்னைப் பாடியைத் தொட்டு வரும் பழைய வழி ஒன்று தெரிகிறது.

அடிப்படைக் கருத்து வால்டர் ஷூஹார்ட்டுடையது. அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றிய அவர், 1924 மே 16 அன்று மேலதிகாரிக்கு ஒரு பக்கக் குறிப்பு அனுப்பினார். அதில் இருந்த ஒரு சிறு படம்தான் கட்டுப்பாட்டு வரைபடத்தின் தொடக்கம். அதை இன்றும் லேத் அருகில் காணலாம். மணிக்கு ஒருமுறை ஐந்து உருப்படிகளை அளந்து, சராசரியைத் தாளில் புள்ளியாக வைக்கிறார் ஆபரேட்டர். நடுக்கோட்டுக்கு மேலும் கீழும், அந்தச் சராசரியின் திட்டவிலக்கத்தைப்போல் மூன்று மடங்கு தள்ளி, எல்லைக்கோடுகள் இருக்கும். புள்ளிகள் அவற்றுக்குள் முறையின்றி ஏறி இறங்கினால் அது எந்திரத்தின் இயல்பான ஆட்டம். கை வைக்கக் கூடாது. ஒரு புள்ளி வெளியே போனாலோ, எட்டுப் புள்ளிகள் தொடர்ந்து ஒரே பக்கம் ஒதுங்கினாலோ, ஏதோ ஒரு தனிக்காரணம் நுழைந்திருக்கிறது. டூல் தேய்ந்திருக்கலாம், மூலப்பொருளின் லாட் மாறியிருக்கலாம். உருப்படி டிராயிங் அளவுக்குள் இருந்தாலும் நிறுத்திப் பார்க்க வேண்டும். ஆர்வக்கோளாறில் ஒவ்வொரு புள்ளிக்கும் செட்டிங்கைத் திருத்திக்கொண்டே இருந்தால் சிதறல் குறையாது, கூடும். அமெரிக்கப் புள்ளியியலாளர் எட்வர்ட்ஸ் டெமிங் புனலையும் கோலியையும் வைத்து வகுப்புகளில் காட்டியது இதைத்தான்.

இந்தக் கருத்து இந்தியாவுக்குத் தாமதமாக வந்தது என்று சொல்ல முடியாது. மகலனோபிஸ் 1931இல் நிறுவிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் அழைப்பில், ஷூஹார்ட்டே 1947–48இல் இங்கு வந்து தொழிலதிபர்களைச் சந்தித்தார். டெமிங் ஜப்பானில் புகழ்பெற்ற தம் உரைகளை நிகழ்த்தியது 1950இல்தான். ஜப்பானியத் தர வல்லுநர் கெனிச்சி டகூச்சி 1954–55இல் வருகைப் பேராசிரியராகத் தங்கியதும் கல்கத்தாவின் அதே நிறுவனத்தில்தான். ஆசிரியர் முதலில் வந்தது நம் வீட்டுக்கு. பாடம் படித்தது பக்கத்து வீடு.

காரணம் கணிதத்தில் இல்லை. ஜப்பானில் டெமிங்கின் பேச்சை நிறுவனத் தலைவர்கள் உட்கார்ந்து கேட்டார்கள். 1954இல் ஜோசப் ஜுரான் மேலாளர்களுக்குக் கற்பித்தார். 1962 முதல் கவோரு இஷிகாவாவின் தரவட்டங்கள், அதாவது தரச் சிக்கல்களைத் தீர்க்கக் கூடும் சிறு பணியிடக் குழுக்கள், ஃபோர்மனையும் தொழிலாளியையும் உள்ளே இழுத்தன. இங்கோ உரிம ஆட்சிக்காலம். ஸ்கூட்டருக்குப் பணம் கட்டி ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர், வந்த வண்டியைத் திருப்பி அனுப்புவாரா? விற்பவர் கை ஓங்கிய சந்தையில் கட்டுப்பாட்டு வரைபடம் புள்ளியியலாளரின் மேசையோடு நின்றது.

1991இன் பொருளாதாரத் தாராளமயத்துக்குப் பின் அந்த நிலை மாறியது. தமிழ்நாட்டில் மாற்றத்தின் முதல் பெரிய அடையாளம் பாடியில் கிடைத்தது. சுந்தரம்–கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998இல் டெமிங் பரிசு பெற்றது. இந்திய நிறுவனம் ஒன்றுக்கு அதுவே முதல் முறை. டெமிங் தம் உரைத்தொகுப்பின் உரிமைத்தொகையை விட்டுக்கொடுத்ததால் உருவாகி, 1951 முதல் ஜப்பானில் வழங்கப்படும் பரிசு இது. போட்டியில் ஒருவரை மட்டும் தேர்ந்தெடுப்பதில்லை. தகுதியை எட்டும் எல்லோருக்கும் உண்டு. சுந்தரம்–கிளேட்டன் உள்ளிட்ட டிவிஎஸ் குழும நிறுவனங்களுக்கு சுடா, வாஷியோ ஆகிய ஜப்பானியப் பேராசிரியர்கள் வழிகாட்டினர். சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் 2001, டிவிஎஸ் மோட்டார் 2002, ரானே குழுமத்தின் ரானே பிரேக் லைனிங்ஸ் 2003, லூகாஸ்–டிவிஎஸ் 2004 என வரிசை நீண்டது. பரிசைவிட முக்கியமானது, அதற்காகப் பல ஆண்டுகள் பழகிய ஒழுங்கு. பிந்தைய ஆலைகளுக்குப் பயிற்சி பெற்ற ஆட்கள் கிடைத்ததில் இந்த வட்டாரத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் கருத்து.

ஒரகடத்தில் ஆலை அமைத்த ஜப்பானியப் பெயர்களில் நிசான் 1960இலும் கோமட்சு 1964இலும் அதே பரிசை வென்றவை. பாடி வழி வந்ததும் ஜப்பானிலிருந்து நேராக வந்ததுமான இரண்டு மரபுகளும் இங்கே சந்தித்தன. இன்று கார் நிறுவனத்துக்குப் பாகம் தர முனையும் சப்ளையரிடம் முதலில் கேட்கப்படுவது, வாகனத் துறையின் தர மேலாண்மைக்கான ஐஏடிஎஃப் 16949 சான்றிதழ். ரிஜெக்‌ஷன் நூற்றுக்கு இத்தனை என்று எண்ணப்படுவதில்லை, பத்து லட்சத்துக்கு இத்தனை என்று எண்ணப்படுகிறது.

கருவிகள் முழுசாக வந்துவிட்டன. கொள்கைகளைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. லைனில் நிற்பவருக்கு அந்த எந்திரம் பல ஆண்டுகள் பழக்கம் என்ற நம்பிக்கையில் பிறந்தது தரவட்டம். ஒப்பந்தத் தொழிலாளரும் பயிற்சியாளரும் வந்துபோய்க்கொண்டிருக்கும் லைனில், அந்த வட்டத்தில் யார் உட்கார்வது? தவறு நேர்ந்தால் ஆளைத் தேடும் சூப்பர்வைசர் முன்னால், எல்லை தாண்டிய புள்ளியை உள்ளபடி வைக்கத் துணிச்சல் வேண்டும். டெமிங்கின் பதினான்கு கொள்கைகளில் எட்டாவது அச்சத்தை அகற்றச் சொல்வது அதனால்தான். பத்தாவது, குறையே கூடாது என்று தொழிலாளிக்கு உபதேசிக்கும் முழக்கங்களைக் கைவிடச் சொல்கிறது. ‘பூஜ்ஜியக் குறை’ பிலிப் கிராஸ்பி பரப்பிய முழக்கம். டெமிங் வேண்டாம் என்றது இந்த வகையைத்தான். ஷாப் ஃப்ளோர் சுவர்களில் பெரிய எழுத்தில் தொங்குவது இன்றும் அதுவே.