தி.நகர் தீயும் டெக்சாஸ் நுரையும்

2017 மே 31 அதிகாலையில் தி.நகர் உஸ்மான் ரோடு சென்னை சில்க்ஸில் பிடித்த தீ, அன்று ராத்திரியும் அணையவில்லை. காற்றோட்டமில்லாத ஏழு மாடி, உள்ளே புகையும் துணியும். சுவரை உடைத்துத்தான் தண்ணீர் அடிக்க வேண்டியிருந்தது. மறுநாள் விடிவதற்குள் ஒரு பகுதி சரிந்தது. சென்னையே தண்ணீர் லாரிக்குக் காத்திருந்த கோடை அது.

தண்ணீர் கிடைக்காத இடத்துக்காகவே 1970களில் டெக்சாஸ் வனத்துறை ஒரு வழி கண்டது: தண்ணீரோடு நுரைக் கரைசல், கூடவே அழுத்திய காற்று. இந்த நுரை ஷேவிங் க்ரீம் மாதிரி சுவரில் ஒட்டிக்கொண்டு சூட்டை இழுக்கும். ஹோஸுக்குள் பெரும்பகுதி காற்று என்பதால் தூக்கிக்கொண்டு மாடியேறுவதும் சுலபம். நனைந்து வீணாகும் சரக்கும் குறைவு.

ஆனா ஒண்ணு, நுரையும் தீ இருக்கிற இடத்துக்குப் போயாகணும். அடுத்த தடவை உஸ்மான் ரோடு போனா அண்ணாந்து பாருங்க, எத்தனை கடைக்கு ஜன்னல் இருக்குன்னு.