கரும்பலகையின் மூலையும் புது டிவியும்

பொம்மிடியிலிருந்து உங்கள் வரலாற்று வாத்தியார் எழுதுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

பொங்கலுக்கு வந்த மகன், ஓ.எல்.இ.டி. டிவி ஒன்றை வாங்கிச் சுவரில் மாட்டிவிட்டுப் போனான். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அந்த விலை பல வருஷச் சம்பளம். கிளம்பும்போது, "அப்பா, ஒரே சேனலை நாள் முழுக்க வைக்காதீங்க. மூலையில இருக்கிற சின்னம் திரையில பதிஞ்சிடும்" என்றான். அன்றோடு என் தூக்கம் போயிற்று.

வீட்டுக்காரம்மாவுக்கு மூட்டுவலி. வெளியே போக முடியாது, சீரியல்தான் துணை. நான் பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் சேனலை மாற்றுவேன். ராத்திரியானால் சுவிட்ச் போர்டிலேயே அணைத்துவிடுவேன். ஒருநாள், "ஏங்க, பேசாம துணி போட்டு மூடிடுங்க. எனக்கு டிவியே வேண்டாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அது சுருக்கென்று தைத்தது. அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன்.

இந்தப் பயம் புதிதல்ல. 1897-ல் ஜெர்மனியின் பெர்டினான்ட் பிரவுன் செய்த குழாய்தான் பழைய டிவிப் பெட்டிக்கு மூதாதை. கண்ணாடியின் உட்புறம் பூசிய பாஸ்பர் மீது எலக்ட்ரான் பட்டால் ஒளிரும். ஒரே இடத்தில் ஓயாமல் பட்டால் அந்தப் பூச்சு களைத்துப்போகும். ரயில் நேரம் காட்டிய பழைய திரைகளில், அணைத்த பிறகும் எழுத்து நிழலாகத் தெரியும். கம்ப்யூட்டரில் மீன் நீந்தும் 'ஸ்கிரீன் சேவர்' வந்ததும் இதற்காகத்தான்.

இந்தியாவில் டிவி 1959 செப்டம்பர் 15-ல் டில்லியில் தொடங்கியது. சென்னைக்கு 1975-லும், வண்ணம் 1982-லும் வந்தன. அந்த நாளில் சாயங்காலம் சில மணி நேரம்தான் நிகழ்ச்சி. திரை களைக்க நேரமேது? 1993 தமிழ்ப் புத்தாண்டில் சன் டிவி வந்தது. போகப்போக நாள் முழுக்க நிகழ்ச்சி, மூலையில் அசையாத சின்னம் என்றானது. 2006-ல் அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கியபின் ஏழை வீட்டிலும் டிவி ஓடியது. அந்தப் பெட்டிகளைப் பார்த்து யாரும் இப்படிப் பயந்ததில்லை.

எல்.சி.டி.யில் பின்னாலிருந்து ஒரு விளக்கு வெளிச்சம் தருகிறது. ஓ.எல்.இ.டி.யில் ஒவ்வொரு புள்ளியும் தானே விளக்கு. 1987-ல் கோடாக் நிறுவனத்தின் சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் இருவரும் வெளியிட்ட ஆய்வுதான் இதற்கு அடித்தளம். 2007-ல் சோனி 11 அங்குல டிவியாக விற்றது. கரிமப் பொருளாலான அந்தப் புள்ளிகள் எரிய எரியத் தேயும். நீலம் சீக்கிரம் தேயும். ஆக, படம் 'பதிவது' இல்லை. அதிகம் உழைத்த இடம் மற்றதைவிட மங்கிப்போகிறது.

நம் வகுப்புக் கரும்பலகை ஞாபகமிருக்கிறதா? தேதி, பதிவு, வருகை என்று தினமும் எழுதிய அந்த மூலை, எத்தனை தரம் டஸ்டரால் துடைத்தாலும் வெளுத்தே இருக்கும். அதே கதைதான்.

இன்னொன்றும் தெரிந்தது. இந்த டிவிகள் ரிமோட்டில் அணைத்தபின், மின்சாரம் இருக்கும்போதே உள்ளுக்குள் தேய்மானத்தை அளந்து சரிசெய்து கொள்கின்றன. காப்பாற்றுவதாக நினைத்து, சுவிட்ச் போர்டில் அணைத்து அதைக் கெடுத்தவன் நான்தான்!

இப்போது வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்திருக்கிறேன். ரிமோட்டில் மட்டும் அணைக்கிறேன். சீரியலுக்கு நடுவில் நான் வாய் திறப்பதில்லை. பல வருஷம் கழித்து மூலையில் நிழல் விழுந்தால் விழட்டும். கரும்பலகை வெளுத்துவிடும் என்று பயந்து நான் ஒருநாளும் தேதி எழுதாமல் இருந்ததில்லையே.

உங்கள் வீட்டுப் பெரியவர்களும் இப்படி டிவிக்குக் காவல் இருந்தால் இதைப் படித்துக் காட்டுங்கள்.