பகிர் நினைவக அளவீடு

கணினியில் ஓடும் பல செயல்முறைகள் நினைவகத்தின் ஒரே பகுதியைப் பொதுவில் வைத்துக்கொள்ளும்போது, அதில் யாருக்கு எவ்வளவு என்று கணிப்பதே பகிர் நினைவக அளவீடு.

1962இல் மான்செஸ்டரில் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணினி, நினைவகத்தைப் பக்கங்களாக வெட்டிக் கையாண்டது. இன்று ஒரு பக்கம் பெரும்பாலும் 4096 பைட். ஒரே பக்கத்தைப் பல செயல்முறைகளின் அட்டவணைகளில் பதிய முடிந்ததால் பகிர்வு எளிதாயிற்று. பொது நிரல் நூலகங்கள் பரவியபின் அது எங்கும் நிறைந்தது. கணக்கு மட்டும் பின்தங்கியது. ஆர்எஸ்எஸ் என்ற பழைய அளவு, பகிர்ந்த பக்கத்தை ஒவ்வொரு செயல்முறையின் பெயரிலும் முழுதாக எழுதும். ஹட்டன் பக்கத்துத் தோட்ட லயமொன்றில் (வரிசை வீடுகளில்) பத்துக் காம்பராவுக்கு ஒரே தண்ணீர்ப் பீலி என்றால், வீட்டுக்கொரு பீலி என்று எழுதிக் கூட்டினால் பத்துப் பீலி வரும். ஆர்எஸ்எஸ்ஸைக் கூட்டுவதும் அப்படித்தான்.

லினக்ஸ் 2005இல் 2.6.14 பதிப்பில் எஸ்மேப்ஸ் கோப்பைத் தந்தது. தனிப் பக்கங்கள், பகிர்ந்த பக்கங்கள் என்று அது பிரித்துக் காட்டியது. எத்தனை பேருக்குள் பகிர்வு என்பதை அது சொல்லவில்லை. அந்தக் குறையை 2008இல் 2.6.25 பதிப்பில் வந்த பிஎஸ்எஸ் தீர்த்தது: பகிர்ந்த பக்கத்தைப் பங்காளிகளின் எண்ணிக்கையால் வகுத்துக்கொள்வது. ஒரு செயல்முறைக்கு 600 தனிப் பக்கங்களும், மூன்று பேருக்குப் பொதுவான 300 பக்கங்களும் இருந்தால் ஆர்எஸ்எஸ் 900, பிஎஸ்எஸ் 700. தனிப் பக்கங்களை மட்டும் எண்ணும் யுஎஸ்எஸ் 600. செயல்முறையை நிறுத்தினால் உறுதியாக மீள்வது இவ்வளவுதான். மாட் மக்கால் எழுதிய எஸ்மெம் கருவி இம்மூன்றையும் ஒரே அட்டவணையில் காட்டும்.

பிஎஸ்எஸ்ஸைக் கூட்டினால் எதுவும் இருமுறை எண்ணப்படாது. ஆனால் அது தன்னால் மட்டும் மாறும் எண் அன்று. மூவரில் ஒருவர் நின்றுவிட்டால், மற்ற இருவரும் ஒன்றும் செய்யாமலேயே 700 என்பது 750 ஆகும். பக்கத்து வீட்டார் கொழும்புக்குப் போனால் பீலியில் மிச்சமானவர்களின் பங்கு கூடுவதைப் போல. நினைவகக் கசிவைத் தேடுபவர்கள் யுஎஸ்எஸ்ஸையும் சேர்த்துப் பார்ப்பது இதனால்தான்.

இக்கணக்கு மிகவும் தேவைப்பட்ட ஓர் இடம் ஆண்ட்ராய்டு. அதில் செயலிகள் சைகோட் என்ற ஒரே தாய்ச் செயல்முறையிலிருந்து கிளைப்பதால், எழுதி மாற்றாதவரை பெருந்தொகையான பக்கங்கள் பொதுவிலேயே கிடக்கும். எஸ்மேப்ஸை அடிக்கடி வாசிப்பதும் செலவானது. நீண்ட பட்டியலுக்குப் பதில் மொத்தத்தை மட்டும் தரும் எஸ்மேப்ஸ்_ரோல்அப் 2017இல் 4.14 பதிப்பில் சேர்ந்தது. இயங்குதளத்தின் கருவான கேர்னல் தனக்கென எடுத்துக்கொள்ளும் நினைவகம் இவற்றில் எந்தச் செயல்முறையின் பங்கிலும் வராது. அதைத் தனியே பார்க்கவேண்டும்.