இடைநிலை நுகர்வில் உள்நாட்டுப் பொருள்கள்: இரு நாடுகளை ஒப்பிடும் முறையின் வரலாறு

இடைநிலை நுகர்வு என்பது ஒரு கணக்காண்டில் உற்பத்திக்காகச் செலவாகித் தீரும் பொருள்களையும் சேவைகளையும் குறிக்கும். நூற்பாலைக்குப் பஞ்சு, கார் ஆலைக்கு எஃகுத் தகடு, இரண்டுக்கும் மின்சாரம், லாரி வாடகை. ஆலையின் எந்திரம் இதில் சேராது. அதன் தேய்மானம் தனிக் கணக்கு. இந்த நுகர்வில் எவ்வளவு சொந்த நாட்டில் விளைந்தது, எவ்வளவு வெளியிலிருந்து வந்தது என்று பிரித்து, ஒரு நாட்டை இன்னொரு நாட்டோடு வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரை பேசும் ஒப்பீடு. ஒரு நாட்டில் கார் விற்பனை பெருகினால் வேலை எந்த நாட்டுச் சுரங்கத்திலும் பட்டறையிலும் பெருகும் என்பதை இந்தப் பிரிவினை இல்லாமல் சொல்ல முடியாது.

துறைகள் ஒன்றிடம் ஒன்று வாங்குவதை ஒரே தாளில் காட்டும் எண்ணம் பிரெஞ்சு அரசவை மருத்துவர் பிரான்சுவா கெனே 1758இல் வரைந்த பொருளியல் அட்டவணையிலேயே உண்டு. அதை எண்களால் நிரப்பிக் கணக்கிடக்கூடியதாக்கியவர் வசிலி லியோன்டிஃப். ரஷ்யாவில் வளர்ந்து ஹார்வர்டில் பணியாற்றிய அவர், 1936இல் அமெரிக்காவின் 1919ஆம் ஆண்டுப் பொருளாதாரத்தை உள்ளீட்டு-வெளியீட்டு அட்டவணையாக வெளியிட்டார். வரிசை வழியே படித்தால் ஒரு துறை யாருக்கெல்லாம் விற்றது என்பது தெரியும். பத்தி வழியே படித்தால் அதே துறை யாரிடமெல்லாம் வாங்கியது என்பது தெரியும். பத்தியில் உள்ள ஒவ்வொரு தொகையையும் அத்துறையின் மொத்த உற்பத்தியால் வகுத்தால் கிடைப்பது உள்ளீட்டுக் கெழு. 1973இல் லியோன்டிஃப் நோபல் பரிசு பெற்றது இந்தப் பணிக்காகவே.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பல நாடுகள் இத்தகைய அட்டவணைகளைத் தயாரித்தன. ஜப்பானின் முதல் அட்டவணை 1951ஆம் ஆண்டுக்கானது. பொருளியலாளர்கள் ஹாலிஸ் சென்னரியும் சுனெஹிகோ வாதனபேயும் 1958இல் ஒரு கட்டுரையில் அமெரிக்கா, ஜப்பான், இத்தாலி, நார்வே ஆகிய நான்கின் அட்டவணைகளையும் 29 துறைகளுக்குள் கொண்டுவந்து ஒப்பிட்டனர். வருமானத்திலும் இயற்கை வளத்திலும் இவ்வளவு வேறுபட்ட நாடுகளில், எந்தத் துறை பிற துறைகளுக்கு விற்பது, எது நேரே நுகர்வோரிடம் போவது என்ற அடுக்கு பெரிதும் ஒத்திருந்தது. நாடுகளுக்கிடையிலான ஒப்பீடு அறிவியலாக முதிர்ந்தது அவர்களுடைய கட்டுரையோடுதான் என்று சொல்லலாம்.

ஆனால் ஒத்திருந்தது உற்பத்தி முறை; மூலம் அல்ல. ஒரு டன் இரும்புக்கு எவ்வளவு தாது வேண்டும் என்பதில் ஜப்பானிய உலைக்கும் அமெரிக்க உலைக்கும் பெரிய வேறுபாடு இருக்காது. அமெரிக்க உலைகளுக்கோ மினசோட்டாவின் மெசாபி மலைத்தொடர் தாது கொடுத்தது. ஜப்பானுக்குக் கடல் கடந்து வர வேண்டியிருந்தது; கோவாவின் தாதுவும் அங்கே கப்பலேறிச் சென்றது. மொத்த உள்ளீட்டுக் கெழுவை மட்டும் பார்ப்பவருக்கு இரு நாடுகளும் ஒன்றே. உள்நாட்டுப் பொருளுக்கான கெழுவைத் தனியே எடுத்தால்தான் ஜப்பானிய எஃகின் தேவை ஜப்பானியச் சுரங்கத்தை அசைக்கவில்லை என்பது புலப்படும்.

இப்பிரிவினையை இரு நாடுகளுக்கு முழுமையாகச் செய்த முன்னோடி பொருளியலாளர் ரொனால்ட் வொன்னகாட். வட்டாரங்களுக்கு இடையிலான அட்டவணைக்கு வால்டர் ஐசார்ட் 1951இல் வகுத்த அமைப்பை அவர் நாடுகளுக்குப் பயன்படுத்தி, கனடா-அமெரிக்கச் சார்பு பற்றிய தம் நூலை 1961இல் வெளியிட்டார். இத்தகைய அட்டவணையில் நான்கு கட்டங்கள்: கனடியப் பொருள் கனடியத் தொழிலுக்கு, கனடியப் பொருள் அமெரிக்கத் தொழிலுக்கு, அமெரிக்கப் பொருள் அமெரிக்கத் தொழிலுக்கு, அமெரிக்கப் பொருள் கனடியத் தொழிலுக்கு. மூலைவிட்டத்தில் அமையும் இரண்டு கட்டங்களே உள்நாட்டு இடைநிலை நுகர்வு. 1965இல் இரு நாடுகளும் வாகன ஒப்பந்தம் செய்து, கார் உறுப்புகள் எல்லையின் இருபுறமும் வரியின்றிப் போய்வரத் தொடங்கியபின் மற்ற இரண்டு கட்டங்களின் கனம் கூடியது.

ஆசியாவில் இப்பணியை விடாப்பிடியாகச் செய்தது டோக்கியோவில் இயங்கிய வளரும் பொருளாதாரங்கள் ஆய்வு நிறுவனம். 1975ஆம் ஆண்டுக்காக ஆசியான் நாடுகள் ஐந்தையும் ஜப்பான், தென்கொரியா, அமெரிக்காவையும் இணைத்து அது 1982இல் அட்டவணை வெளியிட்டது. 1985க்கான அட்டவணையில் சீனாவும் தைவானும் சேர்ந்தன. 2012இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியுடன் உருவான உலக உள்ளீட்டு-வெளியீட்டுத் தரவுத்தளம் இந்தியா உட்பட 40 நாடுகளை ஒரே சட்டகத்தில் வைத்தது.

இந்த அட்டவணைகளின் பலவீனமான இடம் இறக்குமதியைப் பங்கிடும் முறை. துறைமுகத்தில் இறங்கிய எஃகின் அளவு சுங்கத்துறைக்குத் தெரியும். எந்த ஆலை அதை வாங்கியது என்பது தெரியாது. ஆகவே பல நாடுகள், ஒரு பொருளின் மொத்தப் பயன்பாட்டில் இறக்குமதியின் பங்கு எவ்வளவோ அதே பங்கை எல்லாத் துறைகளுக்கும் வைத்துவிடுகின்றன. ஏற்றுமதிக்காகவே இயங்கும் ஆலை வெளிநாட்டு உறுப்புகளையும், உள்ளூர்ச் சந்தைக்கான ஆலை உள்நாட்டு உறுப்புகளையும் நாடும் சீனா, மெக்சிகோ போன்ற நாடுகளில் இந்த அனுமானம் உண்மையை மறைக்கிறது. ஆய்வாளர் உழைப்பு அதிகம் தேவைப்படுவது இங்கேதான். ஆலைகளையே கேட்டறியும் கணக்கெடுப்புக்கு ஈடான குறுக்குவழி இல்லை.

மொத்த விகிதத்தை அப்படியே ஒப்பிடுவதிலும் ஏமாற்றம் உண்டு. சீனாவின் மொத்த உற்பத்தி மதிப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இடைநிலை நுகர்வு; அமெரிக்காவில் அது பாதிக்கும் குறைவு. சீனா பொருளை வீணடிக்கிறது என்று இதிலிருந்து முடிவுகட்டுவது தவறு. ஆலைத் தொழிலின் எடை சீனாவில் அதிகம், சேவைத் துறையின் எடை அமெரிக்காவில் அதிகம் என்பதே முதற்காரணம். நிறுவன எல்லையும் எண்ணை மாற்றும்: சொந்த ஊழியர்களைக் கொண்டு துப்புரவு செய்த ஆலை அதே வேலையை ஒப்பந்தக்காரரிடம் விட்டால், தரையில் எதுவும் மாறாமலே இடைநிலை நுகர்வு கூடிவிடும்.

இறக்குமதி என்று ஒதுக்கியதற்குள்ளும் சொந்தப் பொருள் இருக்கலாம். மெக்சிகோவிலிருந்து அமெரிக்கா இறக்குமதி செய்வதன் மதிப்பில் ஏறக்குறைய 40 விழுக்காடு அமெரிக்காவிலேயே உருவானது என்றும், சீனாவிலிருந்து வருவதில் அது சுமார் 4 விழுக்காடுதான் என்றும் கூப்மன், பவர்ஸ், வாங், வெய் ஆகிய பொருளியலாளர்கள் 2010இல் கணக்கிட்டனர். 2013 முதல் பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பும் உலக வர்த்தக அமைப்பும் வெளியிட்டுவரும் மதிப்புக்கூட்டு வர்த்தகக் கணக்குகள் இந்தச் சிக்கலைப் பல நாடுகளுக்கு அவிழ்க்கின்றன.

ஐ.நா.வின் தேசியக் கணக்கு முறை 1968இல் உள்ளீட்டு-வெளியீட்டு அட்டவணையைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. 2008ஆம் ஆண்டுப் பதிப்பு இந்த ஒப்பீட்டைப் பாதிக்கும் இரண்டு விதிகளை மாற்றியது. ஆராய்ச்சிச் செலவு இடைநிலை நுகர்விலிருந்து முதலீட்டுக்கு நகர்ந்தது. உரிமை கைமாறாமல் வேலைக்காக மட்டும் வெளிநாடு போய்த் திரும்பும் சரக்கின் முழு மதிப்பை விட்டு, கூலியை மட்டும் பதிய வேண்டும் என்றானது. அமெரிக்கா ஆராய்ச்சி பற்றிய விதியை 2013இல் ஏற்றது. எல்லா நாடுகளும் ஒரே ஆண்டில் மாறவில்லை. ஆகவே பழைய விதியில் உள்ள ஓர் அட்டவணையையும் புதிய விதியில் உள்ள மற்றொன்றையும் ஒப்பிட வருபவர், முதலில் இரண்டையும் ஒரே விதிக்குக் கொண்டுவர வேண்டும்.