காது வளர்த்தலில் தொற்று

பாம்படம், தண்டட்டி போன்ற கனத்த காதணிகளை அணியத் தென்தமிழ்நாட்டுப் பெண்கள் குணுக்கு என்னும் எடையை மாட்டிக் காதுச் சோணைத் துளையைப் பெருக்கினர். இன்று இளைஞர்கள் அதே போலத் துளையை விரித்து பிளக், டனல் எனும் அணிகளை அணிகின்றனர். அவசரப்பட்டு விரிக்கையில் தோல் கிழிந்து, பெரும்பாலும் ஸ்டாஃபைலோகாக்கஸ் கிருமி புகுகிறது. இலேசான வலியும் வெளிர்நிறக் கசிவும் புண் ஆறும்போது இயல்பானவை. நாளுக்குநாள் கூடும் வலி, சூடு, சிவப்பு, மஞ்சள் அல்லது பச்சைச் சீழ் ஆகியவை தொற்றின் அடையாளம். விரிப்பதை நிறுத்தி, கைகழுவிய பின் 0.9 சதவீத சலைன் நீரால் தினம் இருமுறை கழுவ வேண்டும். ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு இரண்டும் ஆறிவரும் திசுவையே கெடுக்கும். அணியைத் தாமாகக் கழற்றினால் துளை மூடிச் சீழ் உள்ளே தங்கலாம். காதின் மேல்மடலில் உள்ள குருத்தெலும்பில் வரும் தொற்றுதான் பேராபத்து: பெரும்பாலும் சூடோமோனாஸ் கிருமியால் வரும் இது, தாமதித்தால் காதையே உருக்குலைத்துவிடும். காய்ச்சலோ மேல்மடல் வீக்கமோ கண்டால் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.