விழுப்புண்ணும் சொல்லாப் புண்ணும்

புறநானூற்றின் 281ஆம் பாடலில் அரிசில் கிழார் ஒரு வீட்டைக் காட்டுகிறார். போரில் புண்பட்டவன் உள்ளே கிடக்கிறான். இரவ இலையும் வேப்பிலையும் செருகியிருக்கிறார்கள். யாழ் ஒலிக்கிறது, ஐயவி தூவப்படுகிறது, நறும்புகை எழுகிறது. காஞ்சிப் பண் பாடி அவனைக் காக்க மனைவி தோழியை அழைக்கிறாள். தகடூர்ப் போரில் வீழ்ந்த அதியமான் எழினிக்குக் கையறுநிலை பாடியவரும், தகடூரை வென்ற பெருஞ்சேரல் இரும்பொறையை எட்டாம் பத்தில் பாடியவரும் இவரே. அந்தத் தகடூர்தான் இன்றைய தருமபுரி. ஆறும் வரை புண்ணுக்குக் காவல் வேண்டும், ஆளும் அருகில் வேண்டும் என்று இந்த மண் அறிந்திருந்தது.

ஆனால் மார்பில் பட்ட புண்ணுக்குத்தான் அந்தக் காவல். அதற்கு விழுப்புண் என்று பெயரும் பெருமையும் உண்டு. உடலின் மறைவான இடத்தில் ஆறிய புண்களுக்கு இலக்கியத்திலும் இடமில்லை, வரலாற்றிலும் இடமில்லை. அப்படிப்பட்ட ஒரு புண்ணைப் பற்றியே இங்கு எழுதுகிறோம்.

தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அடங்கிய பாராமகால் அப்போது மைசூர் அரசின் பிடியில் இருந்தது. 1780 ஜூலையில் ஐதர் அலியின் பெரும்படை அங்கிருந்து செங்கம் கணவாய் வழியே கீழ்நாட்டுச் சமவெளியில் இறங்கிற்று. செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படை அழிந்தது. எஞ்சியோர் சிறைப்பட்டனர். இரண்டாண்டுக்குப் பின், பிரெஞ்சுக் கடற்படை பிடித்திருந்த ஆங்கில மாலுமிகளையும் ஐதரிடம் ஒப்படைத்தது. ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கைதிகளில் இளைஞர்கள் சிலரைப் பிரித்தெடுத்து, தலை மழித்து, சுன்னத் செய்து, 'சேலா' எனப்பட்ட படைப்பிரிவுகளில் சேர்த்தனர். சேலா என்றால் சீடன். விரும்பிச் சீடரானவர் அவர்களில் எத்தனை பேர் இருந்திருப்பர்?

இருவர் தம் கதையை எழுதினர். வங்காளப் பீரங்கிப் படையைச் சேர்ந்த ஜேம்ஸ் பிரிஸ்டோ தமது பத்தாண்டுச் சிறைவாழ்வை எழுதினார். அந்நூல் 1793இல் லண்டனில் வெளிவந்தது. பதின்வயதில் மாலுமியாகப் பிடிபட்ட ஜேம்ஸ் ஸ்கரியின் நூல் 1824இல், அவர் மறைந்த பின் அச்சாயிற்று. மாஜும் என்னும் போதை இலேகியத்தை ஊட்டிவிட்டே தம்மை அறுத்தனர் என்கிறார் பிரிஸ்டோ. அவமானத்தைப் பற்றியும், மதம் போன துயரத்தைப் பற்றியும் விரிவாகப் பேசும் இத்தகைய நூல்கள், அறுப்புக்குப் பிந்தைய நாட்களை விரைந்து கடந்துவிடுகின்றன. பின்வந்த வரலாற்றாசிரியர்களும் அடையாளம், ஆண்மை, பேரரசின் அச்சம் என்ற சொற்களைக் கொண்டே இதை அளந்தனர். அந்தச் சொற்கள் தவறல்ல. ஆயினும் சதை ஆறுவதற்கு எடுத்துக்கொண்ட காலத்தை அவை சொல்லுவதில்லை.

கைக்குழந்தைக்கு இந்தப் புண் ஒரு வாரம், பத்து நாளில் ஆறிவிடும். வளர்ந்த ஆணுக்கு அப்படியன்று. தோலோடு நுண்ணிய நிணநீர்க் குழாய்களும் அறுபடுவதால், வடிய வேண்டிய நீர் அடிப்பக்கத்தில் தேங்கி வீங்கிவிடுகிறது. தொங்கும் உறுப்பாதலால் நின்றாலும் நடந்தாலும் வீக்கம் கூடும். உறக்கத்தில் ஓரிரவில் மூன்று நான்கு முறை தானே நிகழும் விறைப்பு, ஒட்டத் தொடங்கிய ஓரத்தை இழுத்துப் பிரிக்கிறது. தையலும் கிருமிநாசினியும் உள்ள இந்நாளிலேயே ஆறு வாரம் உடலுறவு கூடாது என்கின்றனர் மருத்துவர்கள். தென்னாப்பிரிக்காவிலும் கென்யாவிலும் உகாண்டாவிலும் எச்.ஐ.வி. தடுப்புக்காக ஆயிரக்கணக்கான வளர்ந்த ஆண்களிடம் இச்சிகிச்சையைச் சோதித்து, 2005இலும் 2007இலும் முடிவுகளை வெளியிட்டபோதும் இந்த ஆறு வாரக் கணக்கு பேசப்பட்டது. மேற்புண் மூடிய பிறகும், அடியில் ஒரு மெத்தென்ற தடிப்பு சில வாரங்களோ, சிலருக்குச் சில மாதங்களோ நீடிப்பதுண்டு. பெரும்பாலும் அது தானே வற்றிவிடும். சர்க்கரை நோய் உள்ளவர்க்கு இன்னும் தாமதமாகும். சீழ், காய்ச்சல், பரவும் சிவப்பு ஆகியவை வந்தால்தான் அஞ்ச வேண்டும்.

இந்தத் தாமதத்தைப் பழைய நூல்கள் அறிந்தே இருந்தன. விவிலியத்தின் ஆதியாகமத்தில், விருத்தசேதனம் செய்துகொண்ட சீகேம் நகர ஆண்கள் மூன்றாம் நாள் வலியில் கிடக்கும்போதுதான் யாக்கோபின் புதல்வர் இருவர் வாளோடு நுழைகின்றனர். ஊரையே வெல்ல இரண்டு பேர் போதுமாயிருந்தது. யோசுவாவின் மக்களோ குணமாகும் வரை பாளையத்தைவிட்டு நகரவில்லை.

நம் பக்கத்து இஸ்லாமிய இல்லங்களிலும் அந்த அறிவு பழக்கமாக உறைந்திருக்கிறது. சுன்னத் செய்த சிறுவனுக்கு, உடுத்திய துணி புண்ணில் படாதபடி மேலே கயிறு கட்டி அதைத் தூக்கி நிறுத்துவர். முட்டையும் கோழியும் ஊட்டுவர், உறவினர் வந்து பணம் கொடுத்துப் போவர், தண்ணீர் ஊற்றும் நாளில் விருந்து நடக்கும். இரவ இலையும் வேம்பும் செருகிய அந்தப் பழைய வீட்டுக்கு இது அத்தனை தொலைவில் இல்லை என்றே நமக்குத் தோன்றுகிறது. ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையில் இல்லாதது அந்தக் கயிறும், அதைக் கட்டும் கையும்தாம். அறுப்பு ஒன்றே. ஓரிடத்தில் அது திருவிழா, மற்றோரிடத்தில் தண்டனை. வேறுபாடு கத்தியில் இல்லை. சம்மதத்திலும், பின்வரும் வாரங்களில் அருகிருப்பவர் யார் என்பதிலும் இருக்கிறது.

இந்நூல்களை அப்படியே நம்பிவிடவும் கூடாது. மைசூர் மீதான போருக்குக் கம்பெனி நியாயம் தேடிய காலத்தில் சிறைக்கதைகள் அதற்கு நன்கு பயன்பட்டன. இன்றும் திப்புவைத் தூற்றுவோர் ஒருபுறம் இவற்றை ஏந்துகின்றனர், போற்றுவோர் மறுபுறம் முழுவதும் பொய் என ஒதுக்குகின்றனர். இரு சாராருக்கும் அந்தப் பதின்வயதினனின் வலி தேவைப்படவில்லை. நமக்கு உறுத்துவது வேறொன்று. ஐதரின் படை கீழ்நாட்டிலிருந்து மைசூருக்கு ஓட்டிச் சென்றவருள் நம் ஊர்ப் பிள்ளைகளும் இருந்தனர். சேலாக்களில் வெள்ளையர் சிறுபான்மையே. பிரிஸ்டோவும் ஸ்கரியும் தப்பி வந்து எழுதினர். அந்தப் பிள்ளைகளில் எவரும் எழுதி நாம் படித்ததில்லை.

1784இல் மங்களூர் உடன்படிக்கையின்படி கைதிகள் விடுவிக்கப்பட்டபோது, சேலாவாக்கப்பட்ட இவ்விருவரும் விடப்படவில்லை. பல ஆண்டு கழித்துத் தப்பிய ஸ்கரிக்கு நாற்காலியில் உட்காரவும், கத்தியும் முள்ளும் கொண்டு உண்ணவும் மறந்துபோயிருந்தது. ஆங்கிலமும் தடுமாறிற்று.

1792இல் பாராமகால் கம்பெனியிடம் வந்தது. அலெக்சாண்டர் ரீடின் உதவியாளராகத் தாமஸ் மன்றோ தருமபுரிக்கு வந்தார். புள்ளலூரில் பெய்லி அழிந்த நாளில், சில கல் தொலைவில் காஞ்சிபுரத்தில் நின்ற படையில் பத்தொன்பது வயது இளைஞராக இருந்தவர் அவர். பெய்லியோடு சென்றிருந்தால் அவரும் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்திருக்கக்கூடும். தருமபுரியில் அவர் தோட்டம் போட்டார், நிலம் அளந்தார், வரி விதித்தார். 1799இல் அதைப் பிரிய நேர்ந்தபோது தோட்டத்துக்காக வருந்திக் கடிதம் எழுதினார்.