பேட்டர்ன்
வீட்டிலேயே பிள்ளைகளுக்குக் கவுன் தைப்பவர்கள் ‘பேட்டர்ன் எடுத்தாச்சா?’ என்று கேட்டுக்கொள்வது இப்போது சாதாரணம். துணியில் அச்சான பூவேலைக்கும் அதே சொல்லைச் சொல்வதால் புதிதாகத் தைக்க வருபவர்கள் குழம்புகிறார்கள். தையலில் பேட்டர்ன் என்பது துணியை வெட்டுமுன் அதன்மேல் வைக்கும் தாள். லத்தீனில் தந்தையைக் குறிக்கும் ‘பாட்டெர்’தான் இதன் வேர், அதிலிருந்து புரவலரைக் குறிக்கும் ‘பத்ரோனுஸ்’ வந்தது. பார்த்துப் பின்பற்றத்தக்க ஆள் என்ற பொருள், பார்த்துச் செய்யத்தக்க பொருள் என்று நகர்ந்தது. பிரெஞ்சில் இன்றும் முதலாளிக்கும் தையல் தாளுக்கும் ‘பத்ரோன்’ என்ற ஒரே சொல்தான். 1863இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் எபனேசர் பட்டரிக் பல அளவுகளில் இத்தாள்களை விற்கத் தொடங்கினார். வீட்டில் தைப்பவர்கள் தங்கள் அளவைத் தேர்ந்து வாங்க முடிந்தது. நம் ஊரில் ‘அளவு ஜாக்கெட்’ கொடுத்தே காலம் ஓடியது. என் அம்மா செய்தித்தாளை இரண்டாக மடித்து, மடிப்போரத்தை நடுக்கோடாக வைத்துப் பாதி உடம்பை மட்டும் வரைந்து வெட்டுவார். விரித்தால் கழுத்தும் தோளும் இருபுறமும் பிசகாமல் நிற்கும். அதை அவர் ‘பேப்பர் கட்டிங்’ என்பார். பேட்டர்னுக்குத் தமிழில் ஒரு சொல் தேடினால், ‘மாதிரி’ என்பது தைத்து முடித்த உடுப்பையும் குறிக்கும்; ‘அச்சு’ வார்ப்பு வேலைக்குப் போய்விட்டது. எனக்கு ‘வெட்டுப்படி’ மிகவும் பிடித்திருக்கிறது. ‘படி’யில் நகலும் உண்டு, அளவும் உண்டு. தையலுக்கு ஓரம் விட்டு வெட்டியதா, விடாமல் வெட்டியதா என்பதை மட்டும் அதன்மேலேயே எழுதிவைக்க வேண்டும்.